கம்பளியும் கொக்கி ஊசியும்
பொகவந்தலாவைக் குழந்தையின் குளிர்ச்சட்டை பற்றியதொரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். மலைச்சாரலில் அகவிய மயில் குளிரால் நடுங்குகின்றது எனக் கருதி, தான் போர்த்தியிருந்த ஆடையை அதற்கு அளித்த அவன் செயல் கொடைமடம் எனப் போற்றப்பட்டது. ஆயின் அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்பதும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் அவள்பொருட்டு அவன்முன் இரந்து நின்றனர் என்பதும் புறநானூற்றால் தெளிவாகும். மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண் மனையாளின் நடுக்கத்தைக் காணவில்லை. போர்வையின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இவ்விரு செய்திகளும் ஒருங்கே வேண்டுவன. யாருக்குப் போர்வை கிடைத்தது என்று கேட்பவர், யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் கேட்டாக வேண்டும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைக்குழந்தைக்கெனக் கொக்கி ஊசியால் பின்னப்படும் எளிய முன்திறப்புக் கம்பளிச்சட்டை ஒன்றே இதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என ஐயுறுவோர் இருக்கலாம். அரசர் முடியும் தோட்டக் கணக்கேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் அல்ல. ஒரு சமுதாயம் தன் குழந்தைக்கு எதனை உடுத்தியது, அதனை யார் செய்தார், எந்த நேரத்திற் செய்தார் என்பனவும் அச்சமுதாயத்தின் வரலாறேயாம்.

குளிரும் குடியேற்றமும்

பொகவந்தலாவை, நுவரெலியா மாவட்டத்தில் ஹற்றனுக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு. கெஹெல்கமு ஓயா இதன் வழியே ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகின்றது. தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என வணிக உலகம் இதனை அழைக்கும். கொட்டியாகலை, லொயினோன், கெர்க்கஸ்வோல்ட், பிரிட்வெல் முதலிய தோட்டங்கள் இங்குள்ளன. இப்பெயர்களுட் சில ஸ்கொத்லாந்து நாட்டு ஊர்களை நினைவூட்டுவன. வைகாசி தொடங்கித் தென்மேற் பருவக்காற்று கொணரும் மழை வாரக்கணக்கில் ஓயாது. தை, மாசி இரவுகளிலோ வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு பாகை வரை இறங்கக் கூடும்.

இக்குளிருக்கு வந்து சேர்ந்தோர் யாவர்? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, சேலம் ஆகிய வெப்ப நிலங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட உழவுக் கூலி மக்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தோர் பலர் வழியிலேயே மாண்டனர். டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளிற் காடழித்துக் கோப்பி நட்டது அந்நூற்றாண்டின் பிற்பாதியிலேயே. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தத் தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. பாதை எளிதாயிற்று. எனினும் வருவோரின் உடை மாறவில்லை. பருத்திச் சேலையும் வேட்டியும் உடுத்த மக்கள் மூடுபனிக்குள் வந்து இறங்கினர்.

கோப்பிப் பயிர் மனிதரிடத்து ஒருவகை வேறுபாட்டை உண்டாக்கியது. தேயிலை வேறொரு வகை வேறுபாட்டை உண்டாக்கியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே மிகுதியான ஆட்கள் வேண்டப்பட்டனர். ஆதலின் வந்து போவோரே பெரும்பான்மையோர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைக் கொய்வதற்குப் பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. பெண்கள் நிலையாகத் தங்கவே மலைநாட்டிற் பிறப்புகளும் மிகுந்தன. எனவே மலைநாட்டுக் குழந்தை என்னும் வரலாற்று மாந்தர் தேயிலையோடு உடன்பிறந்தவர் எனலாம்.

கம்பளி: ஒரு போர்வையின் இரு கடமைகள்

கோப்பிக் காலந்தொட்டே தொழிலாளருக்குத் தோட்டத்தின் வழியாகக் கிடைத்த குளிர்காப்பு கம்பளி ஒன்றே. கன்னட நாட்டிலும் அதனை அடுத்த தமிழ்ப் பகுதிகளிலும் குறும்பர் முதலிய ஆடு மேய்க்கும் குடியினர் நெய்த சொரசொரப்பான கரிய கம்பளியே இவ்வாறு வந்தது. ஆங்கிலத் துரைமாரின் கணக்குகளிலும் நூல்களிலும் இச்சொல் சிறிது திரிந்து அப்படியே இடம்பெற்றது. கம்பளி நன்கொடையன்று. அரிசியைப் போலவே அதன் விலையும் தொழிலாளரின் கணக்கிற் பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. தொழிலாளரைக் கடனால் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழியும்வரை, மலைக்கு வந்தவன் தோளில் ஏறிய கம்பளி அவன் கடனிலும் ஏறியது என்பது நினையத்தக்கது.

இக்கம்பளிக்குப் பகலில் ஒரு கடமை, இரவில் மற்றொரு கடமை. பகலில் அது கொங்காணியாக மடிக்கப்பட்டுத் தலையையும் முதுகையும் மூடும். அதன்மேற் கூடைக்கயிறு பதியும். இடுப்பிற் படங்கு சுற்றப்படும். இக்கோலத்திலேயே கொழுந்து கொய்வோர் மழையில் நின்றனர். இரவில் அதே கம்பளி குடும்பத்தின் போர்வையாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான லயக் காம்பராவில், தகரக் கூரையின் கீழ், அடுப்பின் அருகே தாயும் பிள்ளைகளும் அதனுட் சுருண்டு படுப்பர்.

இவ்விரட்டைக் கடமையின் விளைவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழைநாளில் நனைந்த கம்பளி, மாலையில் அடுப்பனலில் உலர்வதற்குள் இரவு வந்துவிடும். விடியற்காலை பெரட்டுக்குத் தப்பு ஒலித்ததும் தாய் அதனை எடுத்துப் போர்த்திக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். அவள் எழுந்து செல்லுகையிற் குழந்தையின் வெப்பம் இருமுறை எடுத்துச் செல்லப்படுகிறது. தாயுடலின் வெப்பம் ஒன்று, கம்பளியின் வெப்பம் மற்றொன்று. கம்பளி உழைக்கும் உடலின் அளவிற்கு, உழைப்பின்பொருட்டு அளிக்கப்பட்டது. உழைக்காத சிற்றுடலின் அளவிற்கு எந்தத் துணியும் அக்கணக்கேட்டில் எழுதப்படவில்லை.

குழந்தைக்கு உரியதாய் இருந்தது பழஞ்சேலையே. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாது, பலகாலம் துவைத்து மென்மையுற்ற சேலையிலோ வேட்டியிலோ சுற்றுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். வெப்ப நிலத்தில் இது மிகப் பொருத்தமானது. தோலை உறுத்தாது, எளிதில் உலரும். ஆயின் பருத்தி ஈரத்தை உறிஞ்சிக் குளிர்வது. கம்பளி மயிரோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்பும் வெப்பத்தைக் காப்பது. தாயகத்து வழக்கம் மலைநாட்டிற் போதாமற் போனதற்குக் காரணம் தாயரின் அறியாமை அன்று, இடத்தின் மாற்றமேயாம்.

பொகவந்தலாவைக் கல்லறையும் பெயரிலா முகங்களும்

இப்பள்ளத்தாக்கிற்கு உலக வரலாற்றில் இடம் பெற்றுத் தந்தவருள் ஒருவர் ஜூலியா மார்கிரட் கமரோன் அம்மையார். 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவரான இவர், 1875இல் கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனோடு இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியின் கிளென்கேண் தோட்டத்திற் காலமானார். அவரது உடல் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய முற்றத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. மறுவருடம் மறைந்த கணவரும் அங்கேயே துயில்கின்றார். அக்கணவரே கோல்புறூக் கமரோன் ஆணைக்குழுவின் இரண்டாமவர். 1833இன் சீர்திருத்தங்கள் இராசகாரிய முறையை ஒழித்துப் பெருந்தோட்டப் பொருளாதாரத்திற்கு வழி திறந்தவை.

கமரோன் அம்மையார் தம் நண்பர்களுக்கு விலையுயர்ந்த இந்தியச் சால்வைகளை அள்ளி வழங்கியவர் எனப் புகழ்பெற்றவர். குழந்தையை ஏந்திய தாயரை மரியன்னையின் சாயலிற் படம் பிடித்தவரும் அவரே. இலங்கையில் அவர் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுட் காணப்படும் தமிழ்ப் பெண்டிர், ஆடவருட் பெரும்பாலோர் பெயரின்றி, நாட்டுப்புறத்தார், இளம்பெண் என்னும் பொதுச் சொற்களால் மட்டுமே சுட்டப்படுகின்றனர். அம்மையாரைக் குறைகூற வேண்டி இதனைச் சொல்லவில்லை. அவருடைய கண் அம்முகங்களின் மேல் மதிப்போடு தங்கியது. ஆயினும் சால்வை பெற்றவர் பெயர்கள் நூல்களில் உள்ளன. சால்வையின்றி நின்றவர் பெயர்கள் இல்லை. பேகனின் கதை இங்கும் ஒருவாறு நிகழ்ந்தது.

பிள்ளைக்காம்பராவும் சட்டங்களும்

தொடக்க காலத்திற் கொழுந்து மலையின் ஓரத்திலே மரக்கிளையிற் சேலையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தாயர் வேலை செய்தனர். பின்னர் 20ஆம் நூற்றாண்டிற் படிப்படியாகப் பிள்ளைக்காம்பராக்கள் தோன்றின. பிள்ளை மடுவம் எனவும் வழங்கும் இவற்றில், மலைக்குச் செல்லும் தாயர் குழந்தைகளை ஓர் ஆயாவின் பொறுப்பில் விட்டுச் செல்வர். வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகளே இவற்றின் அடையாளம்.

சட்டத்தின் கண்ணில் மலைநாட்டுக் குழந்தை தென்பட்ட ஆண்டு 1912 எனலாம். அவ்வாண்டின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம், தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுவதை உறுதிசெய்தலைத் தோட்டத் துரையின் கடமை ஆக்கியது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளிக்கவும் அது பணித்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையை மேலும் விரித்தது. இவை நற்சட்டங்களே. ஆயின் பராமரிப்பு என்னும் சொல்லின் உள்ளே துணி அடங்குமா என்பது சட்டத்திற் சொல்லப்படவில்லை. எழுதப்படாத இடத்தைத் தாயின் கை நிரப்ப வேண்டியதாயிற்று.

சட்டம் ஏட்டில் நின்றபோதும் தோட்டப்புறத்தின் சிசு மரணம் நெடுங்காலம் நாட்டின் பொதுநிலையினும் மிக்கிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் இறப்பு கூர்மையாக உயர்ந்தது. பசியும் குளிரும் தனித்தனிப் பகைவரல்லர். எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடலிற் கொழுப்பு குறைவு. உடலின் நிறையோடு ஒப்பிடத் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் வெப்பத்தை விரைந்து இழக்கும். இழந்த வெப்பத்தை மீண்டும் உண்டாக்கத் தான் அருந்திய பாலைச் செலவிடும். வளர்ச்சிக்குரிய உணவு குளிர்காயச் செலவாகிறது என இதனைச் சுருங்கச் சொல்லலாம். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகொற்றா நகர மருத்துவர்கள், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுறக் கட்டிவைக்கும் முறையைக் கையாண்டு வெற்றி கண்டனர். தாயுடலே முதற் கம்பளி என மருத்துவம் இன்று ஒப்புகின்றது. தாயைப் பெரட்டுக்கு அழைத்த தப்பொலி அந்த முதற் கம்பளியையே குழந்தையிடமிருந்து உருவியது.

கொக்கி ஊசியின் பயணம்

இனி, சட்டையை ஆக்கும் கலைக்கு வருவோம். குறோசே என்பது பிரெஞ்சு மொழியிற் சிறு கொக்கி எனப் பொருள்படும். ஆடை பின்னும் ஏனைய முறைகளோடு ஒப்பிட இது இளையது. 18ஆம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிற் பரவிய, சட்டத்திற் பூட்டிய துணியின்மேற் கொக்கியாற் சங்கிலித் தையலிடும் முறையினின்றும், துணியை நீக்கி நூலைமட்டும் பின்னும் வழக்கு கிளைத்தது எனப் பல ஆய்வாளர் கருதுவர். 1820களில் ஒல்லாந்து இதழொன்றில் இதற்கான மாதிரிகள் அச்சாகத் தொடங்கின. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின்போது கன்னியர் மடங்களும் பள்ளிகளும் இதனை ஏழைப் பெண்களுக்குக் கற்பிக்க, உருளைக்கிழங்கு அழிந்த குடும்பங்களை ஊசி நூல் காத்தது. செல்வரின் பொழுதுபோக்கு ஏழையின் பிழைப்பாயிற்று.

முன்திறப்புச் சட்டையின் ஆங்கிலப் பெயரும் ஒரு போரின் நினைவைச் சுமப்பது. 1854இல் கிரிமியாவின் பலக்கிளாவாவிற் குதிரைப்படையைப் பீரங்கிகளின் வாயில் நடத்திச் சென்ற காடிகன் பிரபுவின் பெயரே கம்பளிச்சட்டைக்கு ஆயிற்று. கழுத்திலிருந்து கக்கம் வரை சாய்வாக இறங்கும் கையமைப்பு, அதே போரின் படைத்தலைவர் றக்லன் பிரபுவின் பெயரைப் பெற்றது. அப்போர்க்களத்தின் பெயர், நம்மவர் குரங்குக் குல்லா என அழைக்கும் கம்பளித் தொப்பிக்கு ஆயிற்று. குளிரில் விறைத்த படைவீரருக்கென எழுந்த மூன்று உடைப்பெயர்களும் இன்று மலைநாட்டுத் தொட்டிற் குழந்தையின் மேல் ஒன்றுசேர்கின்றன. பெயர் வைத்தவர் பிரபுக்கள், பின்னியவர் பெயரறியாப் பெண்கள்.

தமிழ் நிலத்திற்கு நூற்பின்னல் புதியதன்று. ரேந்தை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வழி வந்தது. தென்னிலங்கைக் கரையோரத்தில் மரத்தண்டுகளாற் பின்னும் ரேந்தை நூற்றாண்டுகளாய் நிலவுவது. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோயிலில் மார்த்தா மோல்ட் அம்மையார் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். அடிமைக் குடிப் பெண்கள் அவ்வருவாயால் விடுதலையை விலைக்கு வாங்கியமை தென்தமிழக வரலாற்றின் அரிய செய்திகளுள் ஒன்று. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை போன்றவற்றில் யாழ்ப்பாணப் பெண்கள் ஊசி வேலை பயின்றனர்.

மலைநாட்டிற்கு இக்கல்வி இவ்வாறு வந்து சேரவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிற் பாடசாலை அமைக்க வழி செய்ததாயினும், சிறுமியர் எழுத்தறியத் தொடங்குமுன் கூடையைத் தோளிலேற்றும் நிலையே நெடுங்காலம் நீடித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றல் 1970களின் பிற்பகுதியிலேதான் விரைவு பெற்றது. மனையியற் பாடமும் கைப்பணிப் பாடமும் பரவலாக எட்டியது அதன் பின்னரே. ஆகவே, மற்றையோர்க்குப் பள்ளியில் வந்த கலை, மலைநாட்டில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பார்த்துப் பழகும் கலையாகவே பெரிதும் பரவ வேண்டியிருந்தது.

சட்டையின் இலக்கணம்

எளிய சட்டையொன்றின் அமைப்பை இங்கே சிறிது விரித்துரைத்தல் தகும். யாப்பிலக்கணத்தைப் போலவே இதற்கும் எண்ணே அடிப்படை.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முறையே தொடக்கத்தார்க்கு ஏற்றது. நாலு மில்லிமீற்றர்க் கொக்கியும் நடுத்தரத் தடிப்பு நூலும் கொண்டு, பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் 16 நெடும்பின்னல் அமையுமாறு கையைப் பழக்குதல் வேண்டும். 48 பின்னல்களுக்கு உரிய சங்கிலியே கழுத்து. அவற்றை முன்பக்கம் 8, கை 8, முதுகு 16, கை 8, முன்பக்கம் 8 எனப் பகுப்பர். முதுகின் அளவு இரு முன்பக்கங்களின் கூட்டுத்தொகை என்பதே இதன் முதல் விதி. இப்பகுதிகள் சந்திக்கும் மூலைகள் நான்கு. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு மூலையில் இரண்டு பின்னல் கூட்டப்படும். எனவே வரிசைக்கு எட்டுக் கூடும். எட்டு வரிசை முடிவில் 112 பின்னல் ஆகும். அவற்றுள் முன்பக்கங்கள் 16, 16. கைகள் 24, 24. முதுகு 32. இப்போது கைகளுக்குரியவற்றை ஒதுக்கி, ஒவ்வொரு கக்கத்திலும் நாலு சங்கிலி சேர்த்து உடலை இணைத்தால் 72 பின்னல், அதாவது ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர்ச் சுற்றளவு. பிறந்து மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு இது போதும். உடலை 13 சென்ரிமீற்றரும், ஒதுக்கிய கைகளை வட்டமாக 14 சென்ரிமீற்றரும் பின்னி முடித்தால் எங்கும் தையலில்லாச் சட்டை கிடைக்கும். தையல் இன்மையால் மென்றோலை உறுத்தும் விளிம்பும் இல்லை.

முன்திறப்பு அழகு கருதி அமைந்ததன்று. கழுத்து நில்லாத பச்சிளங் குழந்தையின் தலைவழியே சட்டையை இழுத்தல் அரிது. திறந்த சட்டையிற் கிடத்திக் கைகளை நுழைத்து மூடுதல் எளிது. துளை மிக்க பூவேலை குழந்தையின் விரல்களைச் சிக்கவைக்கும். ஆதலின் அடர்ந்த பின்னலே நன்று. பொத்தான்கள் இறுகத் தைக்கப்பட வேண்டும். கழுத்தை இறுக்கக் கூடிய நீண்ட கயிறு ஆகாது. கடைகளிற் கம்பளி நூல் என விற்பன இன்று பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழைகளே. விலை குறைவு, துவைத்தல் எளிது. ஆயினும் நெருப்பிற் பட்டால் உருகித் தோலில் ஒட்டும் இயல்பின. அடுப்பின் அருகே குழந்தை கிடக்கும் லயக் காம்பராவில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இக்கலையின் மற்றோர் இயல்பு நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. இரு ஊசிகளாற் பின்னும் முறையில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியின்மேல் உயிரோடு நிற்கும். இடையிற் கைவிட்டால் நழுவி அவிழும். கொக்கிப் பின்னலிலோ எந்நேரத்திலும் உயிருள்ள கண்ணி ஒன்றே. அதனைச் சற்று நீட்டி விட்டுவிட்டுப் பால் கொடுக்கலாம், உலை வைக்கலாம், தண்ணீர்ப் பீலிக்குச் சென்று வரலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். முழுமையான ஒரு மணி நேரம் தனக்கெனக் கிட்டாத ஒருத்தியின் கலை இது. பிழைபட்டாலும் குழந்தை வளர்ந்தாலும் சட்டையை அவிழ்த்து அதே நூலாற் பெரிதாகப் பின்னலாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தைக் கண்ட நாட்டில், அவிழ்த்துப் பயன்படுத்தும் இப்பண்பின் அருமை விளக்க வேண்டியதன்று. கொக்கிப் பின்னலை இயந்திரம் செய்ய இயலாமையும் ஈண்டு நோக்கற்பாலது. உலகில் எங்கு குறோசே ஆடை ஒன்றைக் காணினும் அதற்குப் பின்னால் ஒரு மனிதக் கையின் பல மணி நேரம் உண்டு.

நேரம் யாருடையது?

வரலாற்றின் முடிச்சு இங்கேதான் உள்ளது. சட்டைக்கு வேண்டுவன நூலும் கொக்கியும் மட்டுமல்ல, நேரமும் வேண்டும். கொழுந்து கொய்யும் பெண் விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைக்காம்பராவிற் பிள்ளையை விட்டு, மலையேறி, நிறுவைக்குக் கொழுந்து கொணர்ந்து, மாலையில் மீண்டும் அடுப்பருகே அமர்பவள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவளுக்கு ஆணினும் குறைந்த கூலியையே வகுத்தது. ஆண், பெண் சமகூலி தோட்டங்களில் வந்தது 1984இலேயே. அவளது பகல் தோட்டத்துக்கு உரியது, மாலை குடும்பத்துக்கு உரியது. சட்டை பின்னப்பட்டது எனின், இவ்விரண்டின் இடுக்கில், உறக்கத்திலிருந்து களவாடிய நேரத்திலேதான் பின்னப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே இச்சட்டையைத் தாயன்பின் சின்னம் எனப் புகழ்ந்து அமைதல் போதாது. அவ்வாறு புகழ்வதில் ஓர் இடர் உண்டு. ஆந்திர நாட்டின் நரசாப்பூரில் மிசனரிமார் வழி வந்த குறோசேப் பின்னல், பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தவாறே செய்யும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அதனை ஆராய்ந்து மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல், அப்பெண்களின் உழைப்பு இல்லத்தரசியின் ஓய்வுநேர வேலை எனப் பெயரிடப்பட்டமையாலேயே மிகக் குறைந்த கூலிக்கு உட்பட்டது என்பதை எடுத்துக்காட்டியது. அன்பு எனப் பெயரிட்டாலும் ஓய்வு எனப் பெயரிட்டாலும், உழைப்பை உழைப்பு எனக் கூறாதவிடத்துக் கூலியும் உரிமையும் மறைந்து போகின்றன. மலைநாட்டுத் தாய் குழந்தைக்குச் சட்டை பின்னினாள் என்பது அவள் பெருமை. அவள் பின்னியே ஆகவேண்டி இருந்தது என்பது 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடமை சுமத்தியோரின் சிறுமை.

மாற்றங்கள் நிகழாமல் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. வெளிநாட்டு உதவியுடன் பிள்ளைக்காம்பராக்கள் பல திருத்தப்பட்டுச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்றன. சிசு மரணம் பெரிதும் தாழ்ந்துள்ளது. மழைக்குப் பொலித்தீன் விரிப்பு வந்தமையாற் கம்பளி தன் பகற்கடமையினின்று விடுபட்டது. ஆயினும் லயக் காம்பராக்கள் முற்றாய் மறையவில்லை. தோட்டப்புறத்தில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் இன்றும் மிகுதியே.

1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் எனக் கணக்கிடப்பட்டனர். அவ்வாறு சென்றோரிற் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கும் குளிருக்கும் இடையே குடியேறினர். நாடு மாறியது, குளிர் மாறவில்லை. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைச் சிக்கல் இலங்கையில் எஞ்சியோர்க்கு முழுமையாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே. எந்த நாட்டவர் என்று எழுதப்படாமலே பிறந்த தலைமுறைகளின் குழந்தைகளுக்கும் சட்டையின் அளவு 45 சென்ரிமீற்றரே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மலைநாட்டிற் கம்பளி உழைப்பின் கருவியாக வந்ததேயன்றி மனிதரின் காப்பாக வரவில்லை. இரண்டாவது, குழந்தையின் உடலளவிற்கு எண்ணிப் பின்னப்பட்ட சட்டை, அவ்வுடலை உழைப்பாளியாக அன்றி ஓர் உயிராகவே மதித்தது. மூன்றாவது, அம்மதிப்பைச் செயலாக்கியவர் நேரமும் ஊதியமும் இல்லாத பெண்கள்.

துணி விரைவில் அழியும் சான்று. அவிழ்த்து மறுபடி பின்னப்பட்ட சட்டை தன் பழைய உருவத்தை விட்டுச் செல்வதில்லை. கல்வெட்டைப் படியெடுக்கும் நம் மாணவர், தம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் எஞ்சியுள்ள கம்பளித் துண்டையும் குழந்தைச் சட்டையையும் அளந்து, பின்னலை எண்ணி, பின்னியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைப்பது உடனடித் தேவையாகும். பழைய லயங்களிலேயே தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் 2007இல் கம்பளைக்கு அண்மையில் அமைந்தது. அத்தகைய இடங்களிற் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் அருகே ஒரு கொக்கி ஊசியும் வைக்கப்படல் வேண்டும். கத்தியும் கூடையும் தோட்டம் எதனைப் பெற்றுக்கொண்டது என்பதைச் சொல்லும். ஊசியோ அம்மக்கள் தமக்கென எதனைச் செய்துகொண்டனர் என்பதைச் சொல்லும்.